தெரியாது என்று சொன்ன டாக்டரம்மா

பாளையங்கோட்டையில் அந்த ஸ்கேன் சென்டர் மாடியில் இருந்தது. நெஞ்சு அடைத்துக்கொண்டு வருகிறவர்களும் வயிறு வீங்கி வருகிறவர்களும் ஏறவேண்டிய இடத்தை எதற்காக மாடியில் வைத்தார்களோ. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இரண்டு அறைகள். ஒன்றில் ஓர் இளைய டாக்டர். நாம் செருப்பைக் கழற்றும்போதே, “வாங்க, வாங்க, ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க” என்பார். அவருக்குத்தான் கூட்டம். இன்னொரு அறையில் இருந்தவர் நான் சொல்லவரும் டாக்டரம்மா. ‘பயப்படாதீங்க’ என்ற வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐம்பதை ஒட்டிய வயது. குள்ளம். ஏசிக் குளிருக்காகப் புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டியிருப்பார். முகத்தில் சிரிப்பு கிடையாது, கடுகடுப்பும் கிடையாது. கண் எப்போதும் திரையில். கருவியை நம் வயிற்றில் வைத்து அழுத்தும்போது நம்மோடு பேசமாட்டார், திரையோடு பேசுவார். “எங்க போய் ஒளியுத? காட்டு, காட்டு” என்பார், கூண்டுக்குள் வராத கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. தேடியது தெரிந்துவிட்டால் “ம்” என்று ஒரு சத்தம். அந்த ‘ம்’ நல்லதுக்கா கெட்டதுக்கா என்று படுத்திருக்கிறவனுக்குத் தெரியாது.

நேரத்தை மிச்சப்படுத்த, அடுத்த ஆளையும் உள்ளே கூப்பிட்டுப் பச்சைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்துவிடுவார்கள். அதனால் முந்தின ஆளுக்கு அவர் சொல்வதெல்லாம் நம் காதில் விழும். ஒருநாள் முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா. நிம்மதியாப் போயிருவேன்.”

“ஈரல் நல்லாருக்கு. ரெண்டு கிட்னியும் நல்லாருக்கு. கணையத்தக் காத்து மறைக்கி, எனக்குத் தெரியல. தெரியாதத எப்படி அண்ணாச்சி நல்லாருக்குன்னு சொல்லுவேன்?”

“அப்ப அதுல எதுவும் இருக்குமோ?”

“தெரியாது. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. திரும்பப் பாப்போம்.”

பெரியவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்து, “மனுசிக்கு நெஞ்சுல ஈரமே இல்ல வே” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தது நான்.

இப்படி ஆட்கள் குறைப்பட்டுக்கொண்டதில் சென்டர் முதலாளி ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசச் சொல்லியிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். டாக்டரம்மா சரி என்று போய், அடுத்து படுத்திருந்தவரிடம், “சாப்ட்டீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாராம். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச்சொல்லி நாங்களே அனுப்பிய ஆள் அவர் என்பாள் அந்தப் பெண்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது கடைசி இடமாக. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வீங்கியது, பிறகு வயிறு வீங்கியது, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் நீர். ஊசி போட்டு எடுப்பார்கள், கொஞ்ச நாளில் மறுபடி நிறையும். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஈரல் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “குடிப்பீங்களா?” இல்லை என்று சொன்னால் ஒரு மெல்லிய சிரிப்பு. அப்புறம் என் மனைவியைப் பார்ப்பார்கள்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். அங்கே கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குவார். அந்த வீட்டில் கௌரவத்தோடு இருக்கிறவரைக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கெட்ட பேர் வந்துவிட்டால் திரும்பி உட்காரக்கூட இடமில்லை. ஷார்ஜாவில் என் அறையில் தங்கியிருந்த ஒருவன் குடிப்பான். லீவில் வந்த யாரோ ஒருவர் அவன் பாட்டிலைப் பார்த்ததை ஊரில் சொல்லியிருக்கிறார். அறை என் பேரில் இருந்தது, வயிறும் என் பேரில் வீங்கியது. வேறென்ன வேண்டும்?

மாமா, என் மனைவியின் வாப்பா, ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் ஆண்கள் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். நான் வந்து உட்கார்ந்தால், “எனக்குப் பசியில்ல” என்று மாமா எழுந்துவிடுவார். மார்க்கம் தடுத்த, ஹராமான பொருளைத் தொட்ட கையோடு ஒரே தட்டில் கைவைக்க அவரால் முடியவில்லை. என் மனைவி ஜுலைஹா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் இல்லை என்றேன். “சரி” என்றாள். அந்தச் ‘சரி’யை நான் பல நாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நம்பியவள் சொல்லும் சரியா அது, கேட்டு அலுத்தவள் சொல்லும் சரியா?

அந்த நிலையில்தான் டாக்டரம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்தேன். நீர் எடுக்க எந்த இடத்தில் குத்தலாம் என்று குறித்து வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜுலைஹா தலைமாட்டில் நின்றாள். டாக்டரம்மா எதுவும் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்.

“நான் குடிக்கமாட்டேன் டாக்டர்.”

“நான் கேக்கலயே.”

“எல்லாரும் கேக்காவ. அதான்.”

“எனக்கு அது தெரியாது அண்ணாச்சி. நீங்க குடிச்சீங்களா இல்லையான்னு இந்தப் பெட்டில தெரியாது. பேசாதீங்க, படம் ஆடுது. மூச்ச இழுங்க.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்தில் எவராவது ஒருவர், நீ குடித்திருக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. இவருக்கு நான் குடித்தாலும் ஒன்று குடிக்காவிட்டாலும் ஒன்று. இதைவிடச் சிரித்துக்கொண்டே சந்தேகப்படுகிறவர்கள் மேல் என்று தோன்றியது.

“இழுங்க. விடுங்க. ம். இன்னொரு தரம் இழுங்க.”

குறிப்பதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. வேறு இடங்களில் இரண்டு நிமிடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிடுவார்கள். இவர் வலதுபக்க விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில் கருவியை வைத்துக்கொண்டு என்னை மூச்சு இழுக்கவும் விடவும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஏன் சுருங்க மாட்டேங்குத?” என்று திரையிடம் கேட்டார். பிறகு கருவியை வயிற்றிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்தார்.

“டாக்டரம்மா, நீரு வயித்துலதான்” என்றாள் ஜுலைஹா.

“வயித்துக்கு வார நீரு எங்கனயிருந்து வருதுன்னு பாக்கேன். ஈரல்லயிருந்து இருதயத்துக்குப் போற பெரிய ரத்தக்குழா ஒண்ணு உண்டு. மூச்ச இழுத்தா அது சுருங்கணும். இவருக்கு பெருசா வீங்கி அப்படியே நிக்கி. ஈரல் மட்டும் கெட்டா இப்படி நிக்காது.”

விளக்கைப் போடச் சொன்னார். என்னைப் பாதி சாய்ந்து உட்காரவைத்து, பக்கவாட்டில் குனிந்து என் கழுத்தைப் பார்த்தார். கழுத்தில் என்ன இருக்கிறது என்று நானும் தடவிப் பார்த்தேன். “நரம்பு புடைச்சு நிக்கி, கைய எடுங்க” என்றார்.

“எப்பவாது நெஞ்சு வலியும் காய்ச்சலுமா நாள்கணக்குல படுத்திருந்தீங்களா?”

யோசித்தேன். ஷார்ஜா போன புதிதில் அப்படி ஒன்று வந்தது. படுத்தால் நெஞ்சில் குத்தும், தலையணையை மடியில் வைத்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தேவலாம். உட்கார்ந்தபடியே தூங்கினேன். கம்பெனி டாக்டர் மாத்திரை கொடுத்தார், போய்விட்டது. அதை நான் மறந்தே போயிருந்தேன். வயிறு வீங்கியவனிடம் யாரும் நெஞ்சு வலியைப் பற்றிக் கேட்டதில்லை.

சொல்லி முடித்ததும் அவர் கை அப்படியே நின்றது. ஜுலைஹா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“என்ன டாக்டரம்மா?”

“எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. சந்தேகத்த நோவுன்னு சொல்லமாட்டேன். சிடி எடுக்கணும்.”

“பெரிய நோவா?”

“தெரியாது.”

“பயப்படுத மாதிரி ஒண்ணும்...”

“தெரியாதும்மா. பாத்த பொறவு சொல்லுதேன்.”

ரயிலில் வீடு திரும்பும்வரை ஜுலைஹா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு பொம்பளையாக இருந்துகொண்டு இன்னொரு பொம்பளையின் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா, வாய் வலித்தா போய்விடும் என்று. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. ஈரல் என்று சொல்லிப் பழகியிருந்த பயம் சட்டென்று நெஞ்சுக்கு ஏறியிருந்தது. கையை இடது நெஞ்சில் வைத்து வைத்துப் பார்த்தேன். உள்ளே அது எப்போதும்போல அடித்துக்கொண்டுதான் இருந்தது. எப்போதும்போல என்றால் எனக்கு எப்படித் தெரியும்?

சிடி எடுக்கப் போன அன்று மாமாவும் வந்தார். இருதயம் என்ற சொல் அவரை அசைத்திருந்தது. வந்தாரே தவிர, ரயிலில் எதிர் வரிசையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வளையத்துக்குள் என்னை நுழைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்தார்கள். பிறகு மூன்று பேரையும் டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“இது இவரு நெஞ்சு. குறுக்க வெட்டிப் பாத்த மாதிரி. இந்தா வெள்ளையா இருக்குல்லா, இதெல்லாம் எலும்பு. இந்தப் படத்துல சுண்ணாம்பு இருக்க எடமெல்லாம் வெள்ளையாத் தெரியும். நடுவுல இருக்கது இருதயம். அதச் சுத்தி ஒரு வெள்ளக் கோடு ஓடுது பாத்தீங்களா? அது இருக்கக் கூடாது.”

முட்டை ஓட்டை உடைத்தால் விளிம்பு தெரியுமே, அந்த மாதிரி ஒரு கோடு. சில இடத்தில் மெலிதாக, சில இடத்தில் தடிப்பாக, இருதயத்தைப் பாதிக்கு மேல் வளைத்துக்கொண்டு.

“இருதயத்துக்கு ஒரு உறை உண்டு. மெல்லிசா, வழவழன்னு இருக்கணும். இவருக்கு அந்த உறை தடிச்சு, சுண்ணாம்பு பிடிச்சு, ஓடு மாதிரி ஆயிருச்சு. இருதயம் விரியதுக்கு எடமில்ல. உள்ள போக முடியாத ரத்தம் பின்னால தேங்குது. அதுலதான் ஈரல் வீங்கி, வயித்துல நீரு வந்திருக்கு. மொத நோவு ஈரல்ல இல்ல.”

ஜுலைஹா அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே, “அப்ப இவுக குடிக்கலைல்லா டாக்டரம்மா? எங்க வாப்பாட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க” என்றாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சொல்லியிருப்பார்கள்.

“அது எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

மாமா தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது, ஆனால் அந்த வயிற்றோடு சட்டென்று எழுந்திருக்கவும் முடியாது.

“அண்ணாச்சி, நீங்க இங்கன வாங்க” என்று மாமாவைக் கூப்பிட்டார் டாக்டரம்மா. மாமா தயங்கி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். டாக்டரம்மா பேனாவின் பின்பக்கத்தால் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் பைய இழுத்துக் காட்டினார்.

“இவரு வெளிநாட்டுல என்ன செஞ்சாருன்னு நான் பாக்கல. இத நான் பாக்கேன். இது குடிச்சா வராது. குடியால யாருக்கும் இருதயத்தச் சுத்தி இப்படி ஓடு கட்டாது. எப்பவோ வந்த காய்ச்சல்ல வந்திருக்கும். டிபியா இருக்கலாம், டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும். ஆனா இந்த வீக்கம் குடியால வந்ததில்ல. அத நான் எங்கயும் சொல்லுவேன்.”

மாமா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இன்னொரு தரம் சொல்லுங்கம்மா.”

அதே வார்த்தைகளை, ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல், டாக்டரம்மா மறுபடி சொன்னார்.

வெளியே வந்தோம். செருப்பு விட்ட இடத்தில் கூட்டம் மிதித்து என் செருப்பில் ஒன்று அந்தப் பக்கம் கிடந்தது. என்னால் குனிய முடியாது. ஜுலைஹா வரட்டும் என்று நின்றேன். மாமா குனிந்தார். அதை எடுத்துவந்து, இன்னொன்றோடு சேர்த்து, என் காலுக்கு நேராக வைத்தார். எழுபது வயது மனிதர், ஊரில் அவர் நடந்துவந்தால் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். “மாமா!” என்றேன். “போடும்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு டாக்டரம்மா என்மேல் இரக்கப்பட்டு, மருமகன் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா நம்பியிருப்பாரா? அழுகிற பெண்ணுக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். எனக்கு இது அப்போது தோன்றவில்லை. அப்போது கோபம்தான் இருந்தது.

இருதயத்தைச் சுற்றிய அந்த ஓட்டை உரித்தெடுக்க ஆபரேஷன், மதுரையில். தேதி குறித்தபிறகு நான் ஒருநாள் வீட்டில் சொல்லாமல் தனியாகப் பாளையங்கோட்டைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். டாக்டரம்மா டிபன் டப்பாவைத் திறந்துவைத்து, சாப்பிடாமல் ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொழைச்சுருவேனா டாக்டர்?”

“தெரியாது அண்ணாச்சி.”

அந்தப் பதில்தான் வரும் என்று தெரிந்தேதான் போயிருந்தேன். இருந்தாலும் நகராமல் நின்றேன். அவர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

“செய்யலைன்னா என்ன ஆவும்னு தெரியும். வேணும்னா அதச் சொல்லுதேன்.”

“சொல்லுங்க.”

“நீரு ஏறிக்கிட்டே போவும். அப்பொறம் ஈரல் நெசமாவே கெட்டுரும். அதுக்கு மேல ஆபரேஷனும் செய்ய முடியாது. செஞ்சா கஷ்டமான ஆபரேஷன்தான். இருதயத்துல ஒட்டிக்கிட்டு இருக்கத உரிக்கணும். மேசையிலயே போனவங்களும் உண்டு. நடந்து இந்தப் படியேறி வந்தவங்களும் உண்டு. ரெண்டு பேரையும் நான் பாத்திருக்கேன்.”

இதைச் சொல்லும்போது மேசைக்கு அடியில் அவர் கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. மேசை மேலிருந்த பேனா அந்த ஆட்டத்தில் உருண்டு கீழே விழுந்தது. எடுத்துவைத்தார், மறுபடி உருண்டது. அவர் விரல்களை அன்றுதான் பார்த்தேன். நகமெல்லாம் சதை வரை கடித்து வைத்திருந்தார். அந்த மாடியில் ஏறி வருகிற எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்துபோயிருந்த ஆள் அவர்தான். பயப்படாதே என்று அவர் எப்படிச் சொல்வார்?

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்ததெல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம். ஜுலைஹா சொன்னதுதான் மற்றது. தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே அவளும் மாமாவும் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்திருக்கிறது.

“பாளையங்கோட்டை ஸ்கேன் டாக்டர் பேசுதேன். டியூப்ல எவ்வளவு வடியுது? மூத்திரம் நல்லாப் போவுதா?”

ஜுலைஹா நர்ஸிடம் கேட்டுச் சொல்லியிருக்கிறாள். “சரி” என்று போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுநாள் காலையிலும் வந்தது. அதற்கு மறுநாளும். எப்படி இருக்கீங்க கிடையாது, தைரியமா இருங்க கிடையாது. வடிந்ததா, போனதா, பிரஷர் என்ன, அவ்வளவுதான். என் இருதயம் தாறுமாறாக ஓடிய ஒருநாள் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். அவரை ரயிலில் அத்தனை திட்டு திட்டியவள், காலையில் போன் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாளாம்.

வயிறு வற்றியது. கால் பழையபடி ஆனது. டிபி என்றுதான் டெஸ்டில் வந்தது, அதற்கும் மாத்திரை எடுத்தேன். மாதங்கள் கழித்து அந்தப் படிகளை நிற்காமல் ஏறிப்போய் டாக்டரம்மா முன்னால் படுத்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று ஒரு நப்பாசை. நெடுநேரம் பார்த்தார்.

“முன்பக்கம் ஓடு போயிருச்சு. இருதயம் நல்லா விரியுது. பின்னால ஒரு எடத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு, எடுத்தா ஆபத்துன்னு விட்டிருக்காவ. அது பின்னால என்ன செய்யும்னு தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒருக்க வாங்க.”

அந்த ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டோடுதான் இன்றைக்கும் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்காமல் நான் படுக்கையைவிட்டு இறங்குவதில்லை. இப்போது அந்த அறையில் வேறு டாக்டர். டாக்டரம்மா எங்கே போனார் என்று கேட்டேன். மகளோடு இருக்கப் போய்விட்டார் என்றார் ஒருவர், உடம்புக்கு முடியவில்லை என்றார் இன்னொருவர். எது உண்மை என்று தெரியாது.

டாக்டரம்மா அங்கிருந்து போவதற்கு முந்தின வருடம் மாமாவுக்கு இருமல் வந்தது. மழைக்காலச் சளி என்றோம். மாடிப்படி ஏற முடியவில்லை என்றார், வயது என்றோம். ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போனவர் பாதித் தெருவில் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தூத்துக்குடி பக்கம், அங்கே காட்டலாம் என்றேன்.

“வேண்டாம். அந்தம்மாட்ட கூட்டிட்டுப் போ” என்றார்.

கார் வைத்துக் கூட்டிப்போனோம். அந்தப் படிகளில் நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம். டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்தார். ‘ம்’ வரவில்லை. “காட்டு” என்று திரையைக் கூப்பிடவும் இல்லை. தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை போலிருக்கிறது.

“இருதயத்தச் சுத்தி நீரு நிக்கி. நிறைய நிக்கி. இருதயம் அதுக்குள்ள நசுங்குது. இப்பவே எடுக்கணும், வீட்டுக்குப் போவ முடியாது” என்றார். சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். நாற்காலியோடு மாமாவை மறுபடி தூக்கினோம். செருப்புப் போட மறந்து வெறுங்காலோடு டாக்டரம்மாவும் எங்களுக்கு முன்னால் படியிறங்கி, தெருவைக் கடந்து எதிர் ஆஸ்பத்திரிக்குள் ஓடினார். அங்கே இருந்த டாக்டர் ஊசியை இறக்கும்போது, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று கருவியை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சொன்னது அவர்தான் என்று பிறகு தெரிந்தது. நீர் வெளியே வந்ததும் மாமாவுக்கு மூச்சு வந்தது.

ஆனால் நீர் ஏன் வந்தது என்ற கேள்வி இருந்தது. நீரை டெஸ்டுக்கு அனுப்பினார்கள், சிடி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று நானும் மாமாவும் மட்டும் போனோம். பச்சைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்த ஒரு அம்மாளை, “கொஞ்சம் வெளிய இருங்கம்மா, கூப்பிடுதேன்” என்று டாக்டரம்மா எழுந்துபோய் அனுப்பிவிட்டு வந்தார்.

“அண்ணாச்சி, மருமவன் இருக்கட்டுமா, வெளிய போவட்டுமா?”

“இருக்கட்டும்.”

“நுரையீரல்ல ஒரு கட்டி இருக்கு. அது இருதய உறை வரைக்கும் வந்திருக்கு. நீர்ல கேன்சர் செல் இருக்குன்னு வந்திருக்கு. நீரு திரும்பவும் வரலாம். வந்தா எடுக்கலாம். மருந்து இருக்கு, கொடுத்தா கொஞ்சம் கட்டுப்படும். கட்டி இல்லாமப் போவாது.”

மாமா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, “பேத்திக்கு நிக்காஹ் பேசிருக்கு. அத நான் பாப்பனா?” என்றார்.

“தெரியாது அண்ணாச்சி.”

மாமா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். “தெரியும்னு சொல்லிருந்தா நான் இந்தக் கதவத் தாண்டி வேற டாக்டரப் பாக்கப் போயிருப்பேன்” என்றார். மாமாவின் குல்லா நாற்காலிக்குக் கீழே விழுந்திருந்தது. டாக்டரம்மா அதை எடுத்து, தூசியைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆழ்வார்திருநகரி தாண்டும்வரை வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். குரும்பூர் வரும்போது பேசினார்.

“வூட்டுல நீதான் சொல்லணும் மாப்புள. நான் வாயத் தொறந்தா அழுதுருவேன்.”

“என்ன சொல்ல மாமா? இப்பவே எல்லாத்தையும் சொல்லணுமா? மாமி தாங்குவாவளா?”

“தாங்க மாட்டா. ஆனா இல்லாத ஒண்ண நம்பிட்டு இருந்துட்டு, நான் போன பொறவு தெரிஞ்சா, அத இதவிடத் தாங்க மாட்டா. அந்தம்மா சொன்ன மாதிரியே சொல்லு.”

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கக்கூடிய தூரம்தான். ஆட்டோவில் போனோம். மாமி வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஜுலைஹா. மாமி மாமாவை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தார்.

“என்ன சொன்னாவ? வெறும் சளிதானே மாப்புள?”

சளிதான் மாமி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அந்த இடத்தில் நின்றபோது தெரிந்தது. நாக்கு நுனியில் அது இருந்தது. அவர் சிரிப்பார், உள்ளே போய்த் தேயிலை போடுவார், அந்த ராத்திரி எல்லோரும் தூங்குவோம். டாக்டரம்மாவுக்குத் தினமும் எத்தனை முறை இப்படி நாக்கு நுனிக்கு வந்திருக்கும்?

“சளி இல்ல மாமி. நுரையீரல்ல கட்டி இருக்கு” என்றேன். “கேன்சர்னு சொன்னாவ. மருந்து இருக்கு. முழுசாப் போவாது. எவ்வளவு காலம்னு அவுகளுக்கும் தெரியாது.”

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஜுலைஹா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடாமல், நீர் திரும்ப வரலாம், வந்தால் எடுக்கலாம், அடுத்த வாரம் மருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடையில் நிறுத்தி மறுபடி சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற மாமாவின் கை என் முதுகில் இருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் அதை எடுக்கவில்லை.